லூபஸ்: காவலர் இருந்தும் காவல் இல்லை

(சங்கத்தின் குடும்ப ஆரோக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆரோக்கியம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சொன்னபோது, சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்த இரண்டைப் பற்றியும் என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள், தினமும் அனுபவித்துக்கொண்டிருப்பவர்கள், இந்த ஹாலில் ஐம்பது பேராவது இருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது லூபஸ் என்ற நோய். அதிலும் குறிப்பாக, லூபஸ் வந்தவர்களில் சிலருக்கு உடம்பைக் காக்க வேண்டிய ஆன்டிபாடிகள் குறைந்துபோகும் சமாசாரம். நோய் இருக்கிற வீட்டில்கூட இதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. ரசாயனத்தில் பட்டம் வாங்கிவிட்டு, முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல் பார்த்தவன். குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோய் வந்ததால் படிக்க ஆரம்பித்தேன். ஆகவே நான் சொல்வதை வைத்துக்கொண்டு யாரும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லூபஸ் என்றால் லத்தீன் மொழியில் ஓநாய். முகத்தில் வரும் புண் ஓநாய் கடித்ததுபோல் இருக்கிறதென்று பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் வைத்த பெயர். இன்று டாக்டர்கள் அதே சிவப்பைப் பட்டாம்பூச்சிக்கு ஒப்பிடுகிறார்கள். மூக்குத் தண்டு உடல், இரண்டு கன்னமும் இறக்கைகள். வெயில் பட்டால் அதிகமாகும். இதோடு மூட்டு வலி, முடி கொட்டுதல், வாய்ப்புண், காரணம் தெரியாத காய்ச்சல், எழுந்திருக்க முடியாத அசதி. சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகும். நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள். அதாவது படிக்கிற, கல்யாணம் ஆகிற, பிள்ளை பெறுகிற வயது. ஜாதகத்தில் இருக்கிற தோஷத்தை மறைப்பதைவிட நம்மவர்கள் இதை மறைப்பதுதான் அதிகம் என்பது என் அபிப்ராயம். அதனால் பக்கத்து வீட்டில் இருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை.

நோய் தெரிந்தவுடன் டாக்டர் சுருக்கமாக ஒன்று சொல்வார்: "உங்கள் எதிர்ப்பு சக்தி உங்கள் உடம்பையே தாக்குகிறது." தப்பில்லை. வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்க்கத்தான் ஆன்டிபாடி என்ற புரதங்களை உடம்பு செய்கிறது. லூபஸில் அதே புரதங்கள் நம் சொந்த அணுக்களின் கருவுக்கு எதிராக, டி.என்.ஏ.வுக்கு எதிராக உண்டாகின்றன. ஏ.என்.ஏ. என்ற பரிசோதனை தேடுவது இவற்றைத்தான். ஆனால் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றை ஊகித்துக்கொள்கிறார்கள்: "எதிர்ப்பு சக்திதான் அதிகமாக இருக்கிறதே, சளி காய்ச்சலெல்லாம் இவளை என்ன செய்யும்?" அந்த ஊகம்தான் ஆபத்து.

நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட பதவிகளைவிட ஆட்கள் அதிகம். வராந்தா முழுக்க நாற்காலி. ஆனால் ஒரு பென்ஷன் ஃபைலை நகர்த்த ஆள் கிடைக்காது. லூபஸ் நோயாளியின் ரத்தமும் பல சமயம் இப்படித்தான். மொத்த ஆன்டிபாடி அளவு சாதாரணத்தைவிட அதிகமாகக்கூட இருக்கும். அதில் பெரும்பகுதி வேண்டாத வேலை பார்க்கும். இன்னும் சிலருக்கு ஆட்களே குறைந்துபோய்விடும். அந்தச் சிலருக்குத்தான் நிமோனியா உயிர்ப் பிரச்சினையாகிறது.

ஆன்டிபாடி ரத்தத்தில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் போனால் நான் ரசாயனம் படித்தது வீண். ஸ்வீடன் நாட்டு ஆர்னே டிசேலியஸ், மின்சாரத்தைச் செலுத்தி ரத்தப் புரதங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஆல்புமின் வேகமாக ஓடும். பின்னாலேயே ஆல்ஃபா, பீட்டா, காமா என்று குளோபுலின்கள் வரும். 1939-ல் அவரும் எல்வின் கேபட் என்ற அமெரிக்கரும் ஆன்டிபாடிகள் அந்தக் கடைசி காமா பகுதியில் இருப்பதைக் காட்டினார்கள். டிசேலியஸுக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1952-ல் வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்ற டாக்டரிடம் எட்டு வயதுப் பையன் ஒருவன் திரும்பத் திரும்பக் கிருமித் தொற்றோடு வந்துகொண்டிருந்தான். அவன் ரத்தத்தை இதே மின்சார முறையில் பிரித்துப் பார்த்தபோது, காமா இருக்க வேண்டிய இடம் காலி. புரூட்டன் மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினை மாதாமாதம் ஊசியாகக் கொடுத்தார். பையன் தேறினான். ஆன்டிபாடி குறைவு என்ற நோய் இருப்பதும், அதற்குக் கடன் வாங்கிய ஆன்டிபாடியால் வைத்தியம் உண்டு என்பதும் ஒரே கட்டுரையில் வெளியாயிற்று. இன்றைக்கும் அடிப்படை வைத்தியம் அதுதான்.

இந்த ஆன்டிபாடிகளைச் செய்வது 'பி' அணுக்கள். இந்த 'பி' எங்கிருந்து வந்தது என்பது வேடிக்கை. கோழியின் பின்புறத்தில் 'பர்சா' என்று ஒரு சிறிய பை உண்டு. அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் அதைச் சில கோழிகளிலிருந்து அகற்றியிருந்தார். இன்னொரு மாணவர் ஆன்டிபாடி பாடம் நடத்த அதே கோழிகளை எடுத்துக்கொண்டு போக, அவற்றுக்கு ஆன்டிபாடியே வரவில்லை. பெரிய விஞ்ஞானப் பத்திரிகை அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது; 1956-ல் கோழி வளர்ப்புப் பத்திரிகையில் வெளிவந்தது. சைவ சாப்பாட்டுக்காரர்களான நாமும் கோழிக்குக் கடன்பட்டிருக்கிறோம். மனிதர்களுக்கு அந்தப் பை கிடையாது. நம் 'பி' அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. அவை முதிர்ந்து பிளாஸ்மா அணுவாகி, ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். என்ற ஆன்டிபாடிகளைச் சுரக்கின்றன. ரத்தத்தில் நீண்ட நாள் நின்று காவல் காப்பது ஐ.ஜி.ஜி.; அதன் அரை ஆயுள் சுமார் மூன்று வாரம். இந்த மூன்று வாரக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி லூபஸில் என்ன கெட்டுப்போகிறது என்று பார்ப்போம். ஒன்றிரண்டு இல்லை. நம் உடம்பில் தினமும் கோடிக்கணக்கான அணுக்கள் வயதாகிச் சாகின்றன. குப்பை அள்ளும் அணுக்கள் அவற்றை ஓசைப்படாமல் விழுங்கிவிட வேண்டும். லூபஸில் அந்தத் துப்புரவு மெதுவாகிறது. குப்பை தேங்கி, அணுக்கருவின் துண்டுகள் வெளியே கிடக்கும்போது, அதைப் பார்த்த காவலர்கள் 'அந்நியன்' என்று கூச்சல் போடுகிறார்கள். குப்பைக்கு அடையாளச் சீட்டு ஒட்டும் காம்ப்ளிமென்ட் என்ற புரத வரிசை உண்டு. அதில் முதலாவதான சி1க்யூ பிறவியிலேயே இல்லாதவர்கள் மிக அபூர்வம். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வந்துவிடுகிறது. அவர்களுக்கே கிருமித் தொற்றும் அதிகம். ஒரே குறையிலிருந்து இரண்டு கஷ்டமும் பிறக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை. சாகும் தறுவாயில் இவை தம் டி.என்.ஏ.வையே வலைபோல் வெளியே வீசிக் கிருமியைப் பிடிக்கின்றன என்று 2004-ல் பெர்லினில் கண்டுபிடித்தார்கள். லூபஸில் இந்த வலை அதிகமாக வீசப்படுகிறது, சரியாகச் சுருட்டப்படுவதில்லை. 'டி' அணுக்களோ எண்ணிக்கையிலும் குறைகின்றன, தரத்திலும் குறைகின்றன. ரத்தப் பரிசோதனைத் தாளில் லிம்ஃபோசைட் குறைவு என்று வந்தால் அது பல சமயம் மருந்தால் அல்ல, நோயாலேயே. கலவரத்தை அடக்க வேண்டிய 'டி' அணுக்களும் உண்டு. கட்டுப்படுத்தும் 'டி' அணுக்கள் என்று பெயர். அவற்றைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சிக்கும், மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் என்ற இரண்டு அமெரிக்கர்களுக்கும் 2025-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. லூபஸில் இந்த அடக்கும் படையும் சரியாக வேலை செய்வதில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஆன்டிபாடி அளவு எப்படிக் குறைகிறது? ஒரு வழி, சிறுநீரகக் கசிவு. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது வடிகட்டி ஓட்டையாகி, ஆல்புமினோடு ஐ.ஜி.ஜி.யும் சிறுநீரில் போய்விடுகிறது. இன்னொன்று, பிறவியிலேயே உள்ள குறை. ஐ.ஜி.ஏ. மட்டும் இல்லாதவர்கள் சாதாரண ஜனங்களைவிட லூபஸ் நோயாளிகளிடையே அதிகம். பொதுவான ஆன்டிபாடிக் குறைவு நோய் இருப்பவர்களில் சிலருக்கு முதலில் லூபஸ் போன்ற நோய் வந்து, பல வருஷம் கழித்துத்தான் குறைவு வெளியே தெரிகிறது.

ஆனால் நடைமுறையில் பெரிய காரணம் மருந்து. இதைச் சொல்லும்போது மருந்தைக் குறை கூறுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1950களில் லூபஸ் கண்டவர்களில் சுமார் பாதிப் பேர் நாலைந்து வருஷத்துக்குமேல் இருந்ததில்லை. இன்று நல்ல வைத்தியம் கிடைக்கும் இடங்களில் ஐந்து வருஷத்தைத் தாண்டுபவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவை ஸ்டீராய்டும், சைக்ளோஃபாஸ்ஃபமைடும், மைக்கோஃபினோலேட்டும்தான். ஒரு தற்செயலைப் பாருங்கள்: அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் லூபஸ் நோயாளிகளின் மஜ்ஜையில் 'எல்.ஈ. செல்' என்ற விசித்திர அணுவைக் கண்டு வெளியிட்டது 1948. அதே மேயோ கிளினிக்கில் ஹென்ச் கார்ட்டிசோனை முதன்முதலில் மூட்டு நோயாளிக்குக் கொடுத்ததும் 1948. நோயின் அடையாளமும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் ஒரே வருஷத்தில். ஆனால் இந்த மருந்துகள் நல்ல காவலர், கெட்ட காவலர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசியின் விஷயம் தனி. 1997-ல் அமெரிக்காவில் லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. 'பி' அணுவின் மேல் உள்ள சிடி20 என்ற குறியைப் பிடித்து அந்த அணுவையே அழித்துவிடும். லூபஸுக்கு 2010, 2012-ல் வெளிவந்த இரண்டு பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலன் நிரூபணமாகவில்லை. ஆனாலும் வேறு மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கு உலகமெங்கும் கொடுக்கிறார்கள். பலர் தேறியும் இருக்கிறார்கள். ஆன்டிபாடி சுரக்கும் முதிர்ந்த பிளாஸ்மா அணுக்களில் சிடி20 கிடையாது. அதனால் ஒரு தடவை கொடுத்தால் ஐ.ஜி.ஜி. பெரும்பாலும் விழுவதில்லை. ஆனால் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போதும், ஏற்கெனவே சைக்ளோஃபாஸ்ஃபமைட் வாங்கியிருந்தாலும், ஆரம்பத்திலேயே அளவு குறைவாக இருந்தாலும், புது ஆட்கள் சேராமல் பழையவர்கள் மெல்ல ஓய்வு பெற்று, இலாகா காலியாகிவிடுகிறது.

என் தங்கையின் நாட்டுப்பெண்ணுக்கு நடந்தது இதுதான். இருபத்துநாலு வயதில் லூபஸ், சிறுநீரகத்தில். ஆறு தவணை சைக்ளோஃபாஸ்ஃபமைட். பிறகு நாலு வருஷத்தில் மூன்று தடவை ரிட்டுக்ஸிமாப். சிறுநீரகம் பிழைத்தது. அதன்பின் ஒரு குளிர்காலத்தில் மூன்று தடவை காய்ச்சல், இருமல், மஞ்சள் சளி. ஒரு பெரிய மருத்துவமனையில் மூன்று தடவையும் 'லூபஸ் கிளம்பியிருக்கிறது' என்று ஸ்டீராய்டை ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கும், பத்து நாளில் திரும்பும். நாலாவது தடவை வேறு ஊரில், வார்டு ரவுண்டில் வந்த ஓர் இளம் டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாகக் கட்டிலில் பரப்பச் சொன்னார். கல்லீரல் பரிசோதனைத் தாளில் மொத்தப் புரதம் 5.5, ஆல்புமின் 3.9. கழித்தால் குளோபுலின் 1.6. "இது இரண்டுக்குக் கீழே இருக்கிறதே, யாரும் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். ஐ.ஜி.ஜி. பார்த்தபோது 290 மில்லிகிராம். சாதாரணமாக ஒரு டெசிலிட்டருக்கு 700லிருந்து 1600 வரை இருக்க வேண்டும். அதற்குள் நுரையீரலின் அடிப்பகுதியில் மூச்சுக்குழாய்கள் விரிந்துபோய்விட்டன. அது இனி பழைய நிலைக்குத் திரும்பாது.

அந்தக் கழித்தல் கணக்கை நீங்களும் போடலாம், மூன்றாம் வகுப்புக் கணக்குதான். பல தாள்களில் குளோபுலின் தனி வரியாகவே அச்சாகியிருக்கும். அதிகமானால் நட்சத்திரக் குறி போடுவார்கள். குறைந்தால் பலர் கண்ணில் படுவதில்லை. சுமார் இரண்டு கிராமுக்குக் கீழே இருந்தால் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். மூன்றையும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரிட்டுக்ஸிமாப் ஆரம்பிக்கும் முன் ஒரு தடவையும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் இந்தப் பரிசோதனை செய்வது நல்ல வழக்கம். மருந்தின் விலையைப் பார்க்கும்போது பரிசோதனையின் விலை ஒன்றுமேயில்லை.

லூபஸ் இருக்கிற வீட்டில் காய்ச்சல் வந்தால், நோய் கிளம்பியதா, கிருமியா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ஒன்றுக்கு ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும், மற்றதற்கு ஆன்டிபயாட்டிக். ஈ.எஸ்.ஆர். இரண்டிலும் ஏறும், பிரயோஜனமில்லை. சி.ஆர்.பி. என்ற பரிசோதனை லூபஸ் கிளம்பும்போது பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது; நன்றாக ஏறியிருந்தால் கிருமியைத் தேட வேண்டும். நெஞ்சுறையில் நீர் கோத்தாலோ மூட்டு நன்றாக வீங்கினாலோ இந்த விதி தவறும். நோய் கிளம்பும்போது காம்ப்ளிமென்ட் சி3, சி4 இறங்கும்; டி.என்.ஏ. எதிர் ஆன்டிபாடி ஏறும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். அவருக்கே சில சமயம் இரண்டும் சேர்ந்து வந்திருக்கும். நம் தேசத்தில் காசநோயையும் மறக்கக் கூடாது; ஸ்டீராய்டு நிழலில் ஒளிந்துகொள்ள அதற்கு நன்றாகத் தெரியும். காய்ச்சல் வந்ததே என்று பயந்து ஸ்டீராய்டை நாமாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. பல மாதம் சாப்பிட்டவர்களுக்கு உடம்பு சொந்தமாக அந்த ஹார்மோனைச் செய்வதை நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து.

இன்னொரு சங்கடம். டெங்குவுக்கு ஐ.ஜி.எம்., டைஃபாய்டுக்கு வைடால் என்று நாம் செய்யும் பல பரிசோதனைகள் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு செய்த ஆன்டிபாடியைத் தேடுகின்றன. ஆன்டிபாடி செய்ய முடியாத உடம்பில் 'நெகடிவ்' என்று வந்தால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. இவர்களுக்குக் கிருமியை நேரடியாகத் தேடும் பி.சி.ஆர்., கல்ச்சர் போன்றவைதான் நம்பகமானவை. வேடிக்கை என்னவென்றால், இதே லூபஸில் எதிர்ப் பக்கத்துப் பொய்யும் உண்டு. வி.டி.ஆர்.எல். பரிசோதனை, இல்லாத மேக நோய் இருப்பதாகக் காட்டும். உத்தியோகத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனையில் அப்படி வந்து அவமானப்பட்ட பெண்கள் பலர். அது லூபஸின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

தடுப்பூசி விஷயத்தில் நேரம் முக்கியம். நிமோகாக்கல் நிமோனியா ஊசியும், வருஷா வருஷம் ஃப்ளூ ஊசியும் உயிரில்லாத மருந்துகள், போட்டுக்கொள்ளலாம். ஆனால் 'பி' அணுக்களை அழித்த பிறகு போட்டால் பாடம் கேட்க வகுப்பில் பையன்களே இருக்க மாட்டார்கள். முடிந்தால் ரிட்டுக்ஸிமாப்புக்குச் சில வாரம் முன்பே போட வேண்டும். 2021-ல் கொரோனா ஊசி வந்தபோது, ரிட்டுக்ஸிமாப் வாங்கியவர்களில் பலருக்கு ஊசி போட்டும் ஆன்டிபாடி வரவில்லை என்று உலகமே பார்த்தது. சின்னம்மை, எம்.எம்.ஆர்., மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் இவர்களுக்குப் பொதுவாக ஆகாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால், வாய்வழிப் போலியோ சொட்டு மருந்தா, ஊசியா என்று குழந்தை டாக்டரிடம் நோயாளி இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள். சொட்டு மருந்திலுள்ள உயிருள்ள வைரஸ் குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். தடுப்பு மருந்தே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் திரித்துவிடாதீர்கள்.

ஒரு மருந்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். மலேரியா மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுவின். லூபஸுக்கு இதுதான் அஸ்திவாரம். எதிர்ப்பு சக்தியை அடக்கிக் கிருமிக்குக் கதவு திறந்துவிடும் குணம் இதற்குக் கிடையாது. கண்ணின் விழித்திரையை டாக்டர் சொல்லும் இடைவெளியில் பரிசோதித்தால் போதும். 2020 மார்ச், ஏப்ரலில் கொரோனாவுக்கு இது கை கண்ட மருந்து என்ற வதந்தியில் ஊர் ஜனங்கள் வாங்கிக் குவித்தார்கள். கொரோனாவுக்குப் பலனில்லை என்று பிறகு சோதனைகள் காட்டின. ஆனால் அந்த வாரங்களில் லூபஸ் பெண்கள் மருந்துக் கடை மருந்துக் கடையாக அலைந்தார்கள்.

இனி நம் வீடுகளின் விஷயம். "எதிர்ப்பு சக்தி குறைவு" என்று டாக்டர் சொன்ன மறுநாளே யாராவது ஒரு மாமி கஷாயப் பொடியோடு வந்துவிடுவார். அன்பு காரணம், சந்தேகமில்லை. ஆனால் லூபஸில் குறைந்திருப்பது ஒரு பிரிவு, வெறி பிடித்திருப்பது இன்னொரு பிரிவு. பொத்தாம்பொதுவாகத் தூண்டினால் எது எழுந்திருக்கும் என்று யார் சொல்வது? கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைக் கொதிக்க வைத்து நிறையப் பேர் குடித்தார்கள். அப்படிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை, அதிலும் தன் உடம்பையே தாக்கும் வகையில் பாதிக்கப்பட்டதை, 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வழக்கில் நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. லூபஸ் இருப்பவர்கள் அந்த விஷப்பரீட்சையில் இறங்க வேண்டாம் என்கிறேன். மிளகு ரசத்துக்கும் சுக்குக் காப்பிக்கும் எந்தத் தடையும் இல்லை.

குறைவு உறுதியானால் என்ன வைத்தியம்? எல்லோருக்கும் ஊசி தேவைப்படுவதில்லை. எண் குறைந்திருந்தும் தொற்று வராதவர்களைக் கண்காணித்தாலே போதும். அடக்கும் மருந்துகளைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பார்கள். திரும்பத் திரும்பத் தொற்று வருகிறவர்களுக்கு இம்யூனோகுளோபுலின், புரூட்டன் கொடுத்த அதே சரக்கு, இப்போது நரம்பு வழியாக. ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து சுத்திகரித்து எடுப்பது. உடல் எடை கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று வைத்தால் ஐம்பது கிலோ பெண்ணுக்கு இருபது கிராம். ஐ.ஜி.ஜி.யின் அரை ஆயுள் மூன்று வாரம் என்றேனே, அதனால்தான் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை. செலவு மத்தியதரக் குடும்பத்தை உலுக்கிவிடும். இன்ஷூரன்ஸ், அலுவலக மருத்துவத் திட்டம் எதில் எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நோயாளியின் ரத்தம் உறையும் தன்மை, சிறுநீரக நிலை, ஐ.ஜி.ஏ. இருக்கிறதா என்பவற்றைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள். தங்கையின் நாட்டுப்பெண்ணுக்கு ஆரம்பித்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை.

புது வைத்தியம் ஒன்று வந்திருக்கிறது. நோயாளியின் 'டி' அணுக்களையே எடுத்து, 'பி' அணுக்களை வேட்டையாடும்படி மாற்றித் திருப்பிச் செலுத்துவது; கார்-டி என்று பெயர். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்தில் ஜியார்க் ஷெட் குழுவினர் 2021-ல் ஓர் இளம் பெண்ணுக்குக் கொடுத்ததை எழுதினார்கள். 2022-ல் ஐந்து பேரின் விவரம் வந்தது. ஐந்து பேருக்கும் நோய் அடங்கி, மற்ற மருந்துகளை நிறுத்த முடிந்தது. சுமார் நூறு நாளில் 'பி' அணுக்கள் திரும்பின, ஆனால் பழைய விரோதத்தை மறந்த புது அணுக்களாக. நம் நாட்டில் ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி 2023-ல் அனுமதி பெற்றது. அது ரத்தப் புற்றுநோய்க்கு, லூபஸுக்கு அல்ல. இந்த வைத்தியத்திலும் ஆன்டிபாடி குறையலாம் என்பதால், கழித்தல் கணக்கு அப்போதும் வேண்டியிருக்கும்.

பேச்சு முடிந்ததும் முன் வரிசையிலிருந்து ஒரு மாமி, "இப்படிப்பட்ட பெண் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? அந்தக் கெட்ட ஆன்டிபாடி குழந்தைக்குப் போகாதா?" என்று கேட்டார். மிக நல்ல கேள்வி. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்து, டாக்டர் சம்மதித்தால் பெற்றுக்கொள்ளலாம். நிறையப் பேர் பெற்றிருக்கிறார்கள். மைக்கோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைட் இரண்டையும் முன்பே மாற்றிவிட வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுவினை நிறுத்தக் கூடாது. ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவது உண்மைதான். தாயிடம் 'ஆன்டி-ரோ' என்ற வகை இருந்தால், நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு தடைப்படலாம். அதனால் கர்ப்பத்தின் நடுவில் குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் கவனிக்கிறார்கள். தாய்க்கு ஐ.ஜி.ஜி. குறைவாக இருந்தால் குழந்தைக்கும் பங்கு குறையும். அப்போது தாய்க்கு ஏற்றுகிற இம்யூனோகுளோபுலின் கடைசி மூன்று மாதத்தில் குழந்தைக்கும் போய்ச் சேருகிறது. முகம் தெரியாத ஆயிரம் பேர் கொடுத்த ஆன்டிபாடி, பிறந்த குழந்தையை முதல் சில மாதங்கள் காக்கும்.